சிம் யார் பெயரில்

அந்தமானில் வாழ்கிறவர்களுக்கு ஒரு பொறுமை உண்டு. கப்பல் வராவிட்டால் காத்திருப்பார்கள். வந்த கப்பல் கரை சேராமல் நடுக்கடலில் நின்றுவிட்டால் அதற்கும் காத்திருப்பார்கள். கைப்பேசியின் மேல்மூலையில் படிக்கட்டுப்போல் நிற்கும் கோடுகள் மறைந்துவிட்டால், "கேபிள் போயிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மெயின்லேண்டில் அரைமணி நேரம் இணைப்பு அறுந்தால் ஊரே கூச்சல் போடும். இங்கே அரை வாரம் அறுந்தாலும் ஏன் என்று கேட்கிற ஆள் கிடையாது. பழகிப்போன துன்பத்துக்குப் பொறுமை என்று பெயர் சூட்டிக்கொள்வதில் நம் மக்களை மிஞ்ச எவரும் இல்லை.

சௌல்தாரி கிராமத்தில் பானுமதியும் அப்படித்தான் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் கோடுகள் மறைந்தன. செப்டம்பர் மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது. ஹேவ்லாக் தீவுப் படகுகள் புறப்படவில்லை என்பதால் அன்று அனுப்ப வேண்டிய கீரையும் இல்லை. கைப்பேசியை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தாள். சிம்மை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, ஊதிப் போட்டாள். பாக்குத் தோப்பு மேட்டில் ஏறி நின்றால் எந்தக் காலத்திலும் ஒரு கோடாவது எட்டிப் பார்க்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கும் போய் நின்றாள். ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் அவள் கணவன் ஜெயராமன் அரசாங்கக் கிடங்கு வேலை முடிந்து நனைந்தபடி வந்தான்.

"ஏங்க, உங்க போன்ல சிக்னல் இருக்கா?"

"எனக்கும் இல்ல. போர்ட் பிளேர்லயே இல்லையாம்." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "கடலுக்கடியில எங்கயோ போயிருக்கு. அவ்ளோதான், ரெண்டு நாள்ல வந்துரும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மண்டல் பாபு கூப்புடுறேன்னு சொல்லியிருக்காருங்க."

"அவருக்கு மட்டும் தனியா நெட்வொர்க் வருமா என்ன? வந்ததும் கூப்புடுவாரு. சாப்பாடு போடு."

அவள் சாப்பாடு போட்டாள். சந்தேகம் அவளுக்கு எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். மெயின்லேண்டில் இருந்துகொண்டு எதையும் சொல்லலாம். கடலும் மழையும் சேர்ந்து ஆண்டு முழுவதும் கதவைச் சாத்தித் திறக்கிற மண்ணில், கதவு சாத்தியிருக்கிறதே என்று எவள் கணவனைச் சந்தேகப்படுவாள்?

மண்டல் பாபுவின் அழைப்பில்தான் அவளுடைய எல்லாமும் இருந்தது. ஹேவ்லாக் தீவில் கடற்கரையோரம் இருக்கும் பெரிய விடுதி ஒன்றுக்குச் சரக்கு வாங்கும் பொறுப்பு அவருடையது. இதுவரை அவ்வப்போது வாங்கிக்கொண்டிருந்தவர், இந்த அக்டோபரில் தொடங்கும் சுற்றுலாப் பருவம் முழுவதற்கும் கீரையும் வெண்டையும் பச்சை மிளகாயும் அவளிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மேலிடம் ஒப்புக்கொண்டதும் அழைப்பார். அவள் ஆம் என்றால் முடிந்தது. அதை நம்பி ஊரில் பத்துப் பெண்கள் நெல் போடவிருந்த நிலத்தில் பாத்தி கட்டினார்கள். மழை அடித்துக்கொண்டு போகாதிருக்க மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்து, பந்தலுக்கடியில் பசலையும் அரைக்கீரையும் விதைத்தார்கள். அவை இப்போது முழங்கால் உயரம் நிற்கின்றன. கீரை தீவு மக்களைப் போன்றதன்று. அது காத்திருக்காது.

அந்தக் கைப்பேசியைக் குறைசொல்வது நன்றிகெட்ட செயல். கமுதிக்குப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த பானுமதிக்கு இந்தி பேச வந்ததே தவிர எழுத வரவில்லை. ஆங்கிலம் அறவே இல்லை. தமிழையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு சரி. அவள் பறித்த கீரை கோகுல் என்கிற மொத்த வியாபாரியின் வண்டியில் ஏறி, அவன் சொன்ன விலைக்கு அவன் சொன்ன இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வாங்குகிறவன் முகம் அவளுக்குத் தெரியாது. விளைவிக்கிறவள் இருக்கிறாள் என்பதே வாங்குகிறவனுக்குத் தெரியாது. நடுவே நின்றவன் இருவருக்கும் சுவராக நின்று, அந்தச் சுவருக்கே வாடகை வாங்கிக்கொண்டிருந்தான். கைப்பேசி அந்தச் சுவரில் துளை போட்டது. எழுதத் தெரியாதவள் பேசி அனுப்பினாள். விடியும்போதே பாத்தியில் நின்று, பனி உருளும் இலையைப் படம் பிடித்து, "தேக்கியே சார், ஆஜ் கா மால்" என்று இன்றைய சரக்கைப் பார்க்கச் சொல்லித் தன் குரலைச் சேர்த்து அனுப்பினாள். படகு எத்தனை மணிக்கு என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டாள். எந்தப் பெண்ணிடம் எது விளைந்திருக்கிறது என்று குழுவில் கேட்டுத் தொகுத்தாள். படிப்பில்லாத பெண் என்று பள்ளிக்கூடமும் வங்கியும் அலுவலகமும் வாசலிலேயே நிறுத்திய ஒருத்தியை, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கண்ணாடி உள்ளே அழைத்து உட்கார வைத்தது. எந்தச் சீர்திருத்தத் தலைவனும் அவளுக்குச் செய்யாததை அது செய்தது.

செய்ததெல்லாம் உண்மை. ஆனால் சிம் வாங்கிய நாளில் ஒன்று நடந்தது. பானுமதியின் ஆதார் அட்டையில் கமுதி முகவரி இருந்தது. உள்ளூர் முகவரி வேண்டும் என்றார் கடையில் இருந்தவர். ஜெயராமனோ தீவிலேயே பிறந்தவன். கைதியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட முப்பாட்டன் வழிக் குடும்பம். தீவுவாசி அட்டை சட்டைப் பையில் வைத்திருப்பவன். அவன் விரலை வைத்தான். இயந்திரம் பச்சை விளக்கு காட்டியது. "அவர் பேர்லயே இருக்கட்டும்" என்று பானுமதியே சொன்னாள். பிறகு பானுமதியின் ஆதாரை உள்ளூர் முகவரிக்கு மாற்றியபோது அதிலும் அந்த எண்ணையே சேர்த்தார்கள். விடுதிகள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டன. உழைப்பு அவளுடையது; குரல் அவளுடையது; எண் மட்டும் அவளுடையதன்று. அதை அவள் மறந்தே போனாள். மறந்ததற்கு அவளைக் கேட்பானேன்? இந்த நாட்டில் எத்தனை கோடிப் பெண்கள் அப்படி மறந்து வாழ்கிறார்கள்!

திங்கட்கிழமை காலை மழை விட்டது. ஜெயராமன் வேலைக்குப் போய்விட்டான். சேற்றில் செருப்பை இழுத்தபடி சுசீலா வந்து நின்றாள். பத்துப் பெண்களில் ஒருத்தி. எல்லோரையும்விட அதிகமாகப் பாத்தி போட்டவள். முகம் சிவந்திருந்தது.

"இருக்கீங்களா? செத்துட்டீங்களோன்னு பாக்க வந்தேன்."

"என்னடி காலங்காத்தால?"

"எப்பவும் வாயால பேசி அனுப்புவீங்க. இந்தத் தடவ எழுதி அனுப்பிட்டீங்க. ஏன்க்கா, குரல் கேட்டா நாங்க திட்டுவோம்னு பயமா?"

"நான் எதையும் அனுப்பலயே. நெட்வொர்க்கே இல்லடி மூணு நாளா."

சுசீலா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பில்லை. தன் கைப்பேசியை நீட்டினாள். அதன் மேல்மூலையில் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன.

"அதே கம்பெனி சிம்முதான். ஒரு நாளும் போகல. எனக்கு மட்டும் கேபிள் தனியா போட்டிருக்கானாக்கும்?"

பானுமதி திரையைப் பார்த்தாள். அவளுடைய குழு, அவளுடைய எண், பசலைக்கொடியின் முன் அவளே நிற்கும் அவளுடைய படம். கீழே செய்தி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இனி ஹோட்டல் சப்ளையை ஜெயராமன் பார்த்துக்கொள்வார். இந்த சீசனுக்குக் கீரை தேவை இல்லை. யாரும் பறிக்க வேண்டாம்."

"இத நான் எழுதல சுசீலா."

"பின்ன உங்க போனுக்குப் பேய் புடிச்சிருக்கா?"

"எனக்கு எழுதத் தெரியுமாடி? யோசிச்சுப் பாரு. தமிழ்ல என் பேரத் தவிர வேற எத எழுதி நீ பாத்திருக்க?"

சுசீலா செய்தியைத் திரும்பப் பார்த்தாள். பிறகு மெல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "அண்ணனா?" என்றாள்.

பானுமதி தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். கதவைக்கூடப் பூட்டாமல் சாலைக்கு நடந்தாள்.

*

டாலிகஞ்ச் போகும் பேருந்தில் அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அதைப் பார்த்தாள். சேவை இல்லை, சேவை இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் யாரிடமோ வங்காள மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு பெண் படம் பார்த்தாள். தீவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சிம் வாங்கிய அதே கடைதான். இப்போது அதை நடத்துவது நௌஷாத். கீழக்கரையிலிருந்து வந்து தீவில் கடை போட்ட குடும்பம். பானுமதியைக் கண்டதும் எழுந்தான்.

"வாங்கக்கா. புதுப் போனா? அண்ணன் சொன்னாரு, உங்க போன் கிணத்துல விழுந்து போச்சுன்னு."

அவள் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். நௌஷாத் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"என்னைக்கு வந்தாரு தம்பி?"

"வெள்ளிக்கிழம, ஜும்ஆ தொழுகைக்குக் கடைய சாத்தப் போற நேரம். அவசரம்னாரு. சிம் அவர் பேர்ல இருக்கு, அவரே விரல வச்சாரு, டூப்ளிகேட் வந்துருச்சு. புதுசு உயிர் வந்தா பழசு செத்துரும்க்கா. நான்..." அவன் குரல் தடுமாறியது. "அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாது. புருஷன் பொண்டாட்டிதானேன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அதத்தான் தம்பி நெனைக்கிறாங்க. அந்த நம்பர எனக்குத் திருப்பித் தர முடியுமா?"

"அவர் வந்து எழுதிக் குடுத்தா மாத்தலாம். இல்லாட்டி முடியாதுக்கா. சட்டப்படி அது அவரு நம்பரு."

சட்டப்படி! இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பெண்களின் நிலம் போயிற்று, நகை போயிற்று, பிள்ளை போயிற்று! இன்று ஒரு நகக்கண் அளவுள்ள சில்லும் அதே வாய்க்குள் போய்விட்டது.

"சரி. என் பேர்ல ஒண்ணு குடு. இப்பவே."

நௌஷாத் கைரேகை இயந்திரத்தை எடுத்து வைத்தான். பானுமதி வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. அவன் ஈரத் துணி கொடுத்தான், துடைத்துவிட்டு வைத்தாள். இடக்கையை வைத்தாள். ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. தண்டு கிள்ளி, மண் கிளறி, உரம் கலந்து, அவள் விரல்களில் இருந்த கோடுகளை உழைப்பு அழித்துவிட்டிருந்தது. கிடங்கில் பேனா பிடித்தவனுடைய விரலை ஒரு தொடுதலில் அடையாளம் கண்ட இயந்திரம், தீவுக்குச் சோறு போட்டவளுடைய பத்து விரல்களையும் யாரென்று தெரியாது என்றது.

"வேற வழி ஒண்ணு இருக்குக்கா. ஆதார்ல இருக்கற நம்பருக்கு ஆறு நம்பர் ஓடிபி வரும். அதச் சொன்னா போட்டுரலாம்." சொல்லி முடிக்கும் முன்பே நௌஷாத்துக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். "அந்த நம்பர்தானே..."

"அனுப்பு."

"அக்கா."

"அனுப்பு தம்பி. உன் போனக் குடு."

அவன் அனுப்பினான். அவள் நௌஷாத்தின் கைப்பேசியை வாங்கித் தன்னுடைய எண்ணைத் தானே அழுத்தினாள். ஐந்து ஆண்டுகளாக அந்த எண்ணிலிருந்து பிறரை அழைத்திருக்கிறாள். அந்த எண்ணை அழைப்பது இதுவே முதல் தடவை. மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ, பானுமதி வெஜிடபிள்ஸ். சொல்லுங்க."

ஜெயராமனின் குரல். அவளிடம் ஒருநாளும் பேசாத குழைவான, வியாபாரக் குரல்.

"பானுமதி பேசறேன்" என்றாள்.

கிடங்கில் யாரோ தகரம் உருட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"எங்கேர்ந்து பேசற?"

"நௌஷாத் கடையிலேர்ந்து. நீங்க போனக் கெணத்துல போட்ட எடத்துலேர்ந்து."

"வீட்டு விஷயத்தக் கடைவீதிக்கு ஏன் கொண்டு போற? சாயங்காலம் வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எனக்குச் சொல்றதுக்கு முந்தி ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொல்லிட்டீங்க. மண்டல் பாபு கூப்புட்டாரா?"

"சனிக்கிழமையே கூப்புட்டாரு. முடிஞ்சிருச்சு." அவன் குரல் தாழ்ந்தது, யாரையோ விட்டு விலகி நடந்து வருகிறான் போலிருந்தது. "கேளு பானு. ஹோட்டல்காரனுக்கு வருஷம் பூரா ஒரே அளவுல சரக்கு வேணும். நீயும் உன் பொம்பளைங்களும் ஒரு புயல் வந்தா கைய விரிப்பீங்க. கோகுல் பாய் மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல எறக்கறாரு, கோல்டு ஸ்டோரேஜ் வச்சிருக்காரு. சப்ளை அவருது, பேர் நம்மது. உனக்கும் நல்லதுதானே? வெயில்ல நிக்க வேணாம்."

"போன வருஷம் புயல் அடிச்சப்ப கோகுலோட கப்பல் வரல. நாங்கதான் முழங்கால் தண்ணியில நின்னு பறிச்சுக் குடுத்தோம். மண்டல் பாபு எங்கள நம்பினதே அதுனாலதான்."

"அரே, அதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கும்."

"என் நம்பரத் திருடிட்டீங்க."

"திருடல!" முதன்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "என் பேர்ல இருந்தத நான் எடுத்தேன். டீக்கடையில என்ன சொல்றான் தெரியுமா? 'கீரைக்காரம்மா வீட்டுக்காரர் வந்துட்டாரு, சேர் போடுங்க'ங்கறான். நாலு தலமுறையா இந்தத் தீவுல இருக்கற குடும்பம். என் பேர் எவனுக்கும் தெரியல. உன் பேரச் சொல்லி என்னைய அடையாளம் காட்டறான்."

பானுமதி கண்ணை மூடிக்கொண்டாள். கோபத்துக்கு முன்னால் ஒரு களைப்பு வந்தது. பெண்ணின் பெயரால் அறியப்படுவதை ஆண் இழிவென்று எண்ணுகிறான். பிறந்ததுமுதல் தகப்பன் பெயராலும் கணவன் பெயராலும் மகன் பெயராலும் அறியப்பட்டுச் சாகிறவளிடம், அது எப்படியிருக்கிறது என்று எவனும் கேட்டதில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. நேரம் இல்லை.

"இப்ப அந்தப் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அத மட்டும் படிங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"எதுக்கு?"

"என் பேர்ல ஒரு சிம் வாங்க."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. திரையைப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. நௌஷாத் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அந்த ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடந்தான்.

"படிக்கறேன்" என்றான் ஜெயராமன். "நான் ஒண்ணும் கொடுமக்காரன் இல்ல. நீ போன் வச்சுக்கோ, பேசிக்கோ, யார் வேணாங்கறா? ஆனா ஹோட்டல் வேல என்கிட்டயே இருக்கும். மண்டல் பாபுகிட்ட நீ பேசக் கூடாது. சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

ஒரு சொல்தான். சொல்லிவிட்டுப் பிறகு மீறலாம், யார் பிடிக்கப்போகிறார்கள்? நௌஷாத்கூட உதட்டை அசைத்து, சொல்லுங்க, சொல்லுங்க என்றான். ஆனால் அந்தச் சொல்லின் சுவை அவள் நாக்குக்குத் தெரிந்திருந்தது. கழுத்தை நீட்டியபோது சொன்ன சரி. கப்பலேறியபோது சொன்ன சரி. இதே மேசையருகே நின்று, அவர் பேர்லயே இருக்கட்டும் என்று சிரித்தபடி சொன்ன சரி. தன் வாயாலேயே அவள் தன்னை இத்தனை தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"பானு? இருக்கியா?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். கடைத் திரையில் ஓடிபிக்கான கட்டம் காலியாகவே நின்று, பிறகு அதுவும் மறைந்தது.

நௌஷாத் கைரேகை இயந்திரத்தை எடுத்து உள்ளே வைத்தான். பிறகு அன்போடுதான் கேட்டான்: "அக்கா, என் பேர்ல ஒரு சிம் போட்டுத் தரட்டுமா? இப்பவே ஆன் ஆயிரும். பின்னாடி மாத்திக்கலாம்."

"இன்னொரு ஆம்பள பேர்லயா தம்பி?"

அவன் அந்தப் பேச்சை விட்டான். ஆதார் மையத்தில் கருவிழியைக் காட்டி எண்ணை மாற்றலாம் என்றும், வரிசை நீளம் என்றும், மாற்றம் ஏற வாரக்கணக்கில் ஆகும் என்றும் மட்டும் சொன்னான். கீரைக்கு அத்தனை வாரம் ஆயுள் கிடையாது.

*

போர்ட் பிளேரின் பீனிக்ஸ் பே ஜெட்டியில் ஹேவ்லாக் படகுக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. மண்டல் பாபு மழைக்கோட்டுடன் நின்று பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்த முட்டைகோசு. குளிர்பெட்டியில் கிடந்து விறைத்துப்போன பீன்ஸ். பச்சை மங்கி வெளுத்த ஒரு கீரை. அதன் வேர்மண்கூட இந்தத் தீவுடையதன்று.

"அரே தீதி!" என்று சொந்த அக்காவைக் கண்டவர்போல் மலர்ந்தார். "தபியத் டீக் ஹை? ஹஸ்பண்ட் சொன்னார், உடம்புக்கு முடியலன்னு. இனிமே அவர்தான் பார்ப்பார்னு." வங்காளியான அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரும், பானுமதியிடம் பேசிப் பேசி வந்ததுதான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல பாபு. அந்த ஆர்டர் எங்களுது. பத்துப் பேர் பாத்தியில நிக்குது, நாளைக்கே பறிச்சுத் தரேன். வந்து பாருங்க."

மண்டலின் முகம் மெல்லச் சுருங்கியது. நல்ல மனிதர், நல்ல மனிதர்களுக்கே உரிய சங்கடம் அது.

"தீதி, ஆப்கே நம்பர் சே ஹீ தோ பாத் ஹுயீ. உங்க நம்பர்லதான் பேசினேன். வேற யார்கிட்டயும் பேசலயே." தன் கைப்பேசியைத் திறந்து காட்டினார். "அதோட, இன்னொரு விஷயம். கம்பெனி கம்ப்யூட்டர்ல நம்பர் ஒருத்தர் பேர், சப்ளையர் வேற பேர்னு ஆபீஸ்ல எப்பவும் என்னைக் கேள்வி கேப்பாங்க. நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். இப்ப ரெண்டும் ஒரே பேர். மேட்ச் ஹோ கயா. உடனே பாஸ் பண்ணிட்டாங்க."

"அப்ப இத்தன வருஷம் குடுத்தது யாரு பாபு?"

"ஆப் ஹீ, தீதி. நீங்கதான். மே ஜான்தா ஹூன். எனக்குத் தெரியும்." நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்க மியா பீவி, உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க. நான் நடுவில வந்தா நல்லாயிருக்காது."

படகு ஊதியது. அவர் ஓடினார். புருஷன் பெண்டாட்டி நடுவே வரமாட்டேன் என்று ஒதுங்கிய அந்த நல்லவர், வராமலே ஒரு பக்கம் நின்றுவிட்டார் என்பது அவருக்கு விளங்கியிருக்காது. உலகத்தில் பாதி அநியாயம் நல்லவர்கள் ஒதுங்கி நிற்கிற இடைவெளியில்தான் நடக்கிறது.

அன்று வீடு திரும்பியபோது, ஜெயராமன் எதுவும் நடவாதவன்போல் சோறு கேட்டான். போட்டாள். அலமாரிமேல் அவனுடைய கைப்பேசி இரண்டு சிம்மோடு மினுங்கிக்கொண்டிருந்தது. யார் யாரோ அவள் பெயரை அழைத்தார்கள். அவன் எழுந்துபோய்ப் பேசினான்.

*

கீரை முற்றத் தொடங்கியது. முற்றிய கீரையை மாடுதான் தின்னும். பெண்கள் பறித்துக் கட்டிக் கொண்டுவந்து, காராச்சர்மா முச்சந்தியில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் கோகுலின் வண்டியிலேயே பழைய விலைக்கு ஏற்றிவிட்டார்கள்; ஒருத்தி முகம் கொடுத்தே பேசவில்லை. வந்தவர்களில் சுசீலா இருந்தாள், நளினி இருந்தாள், வைஜெயந்தி இருந்தாள்.

"என் போனுலேர்ந்தே ஹோட்டலுக்கெல்லாம் பேசலாமேக்கா" என்றாள் நளினி. "புதுசா ஆள் புடிப்போம்."

"சிம் யார் பேர்ல இருக்கு?"

நளினி யோசித்தாள். "மாமனார் பேர்ல."

"உன்னுது?"

"எங்க வீட்டுக்காரரு உதயா பேர்ல" என்றாள் சுசீலா.

வைஜெயந்தியை யாரும் கேட்கவில்லை. அவள் தானாகவே, "அண்ணன் மவன் வாங்கிக் குடுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

நான்கு பெண்களின் இடுப்பிலும் நான்கு கைப்பேசிகள் இருந்தன. உலகம் முழுவதையும் எட்டக்கூடிய கருவிகள். பூட்டு இவர்கள் இடுப்பில். சாவி நான்கு ஆண்களின் சட்டைப் பையில்.

மழை தூறலாக இறங்கியது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, ஒரு கட்டுப் பசலையை எடுத்து, தண்டை ஒடித்துப் பார்த்தார். மட்டென்று முறிந்தது. முகர்ந்தார்.

"யே தோ ஏக்தம் தாஜா ஹை!" என்று, அப்போதே பறித்ததுபோல் இருக்கிறதே என வியந்தார். வண்டூரில் சின்னதாக விடுதி நடத்துகிறாராம். மெயின்லேண்ட் காய் தின்று விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்களாம். தினமும் வேண்டும் என்றார். எத்தனை கட்டு வேண்டும், எந்த நாளில் வேண்டும் என்று அவரே அடுக்கிக்கொண்டு போனார். சுசீலா பானுமதியின் தொடையைக் கிள்ளினாள். பானுமதி இந்தியில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பழைய குரல் தொண்டைக்குள் திரும்பி வந்தது; தயங்காத குரல், பேரம் தெரிந்த குரல்.

"சரி, பக்கா" என்றார் அவர். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக் கைப்பேசியை எடுத்தார். பெருவிரல் திரைமேல் நின்றது. "நம்பர் பதாயியே, தீதி. நம்பர் சொல்லுங்க."

பானுமதி வாய் திறந்தாள். ஐந்தாண்டுப் பழக்கத்தில் அந்தப் பத்து இலக்கமும் நாக்கின் நுனிவரை வந்து நின்றன. விழுங்கினாள்.

"நம்பர் நஹீன் ஹை" என்றாள். "நான் இங்கதான் இருப்பேன். பேர் பானுமதி. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை. "நாம் சே க்யா ஹோகா, தீதி? கூடுதலா வேணும்னு சொல்லணுமா, மழை பெஞ்சா வராதீங்கன்னு சொல்லணுமா, எதுல சொல்றது?" பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டார். அன்றைக்கு வேண்டிய இரண்டு கட்டை மட்டும் வாங்கி முன்கூடையில் வைத்துக்கொண்டு, தூறல் வலுக்கும் முன்னே கிளம்பிப்போனார்.